ஆஷ்வெல் கோயிற்சுவரும் ஓர் இலத்தீன் கவியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருளை அறிவித்தபோது நண்பர்கள் சிலர் வியந்தனர். இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்க் கோயில் ஒன்றைப் பற்றிக் கவிஞர்கள் கூடிய அவையில் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டனர். அக்கோயிலின் சுவரில் ஒரு கவி கீறப்பட்டிருக்கிறது என்பதே என் விடை. 660 ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கே இருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. சில வரிகளே ஆயினும், அவற்றைப் படிக்கும் முறையில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. கவியைப் பற்றிப் பேசுமுன் அதைத் தாங்கி நிற்கும் சுவரைப் பற்றியும், அச்சுவர் எந்தக் கல்லால் ஆனது என்பது பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமை வேண்டுகிறேன். நம் நாட்டுக் கிறித்தவர்கள் மாதா கோயில் என்று வழங்குவதைப் பின்பற்றி நானும் கோயில் என்றே இவ்வுரையில் குறிப்பிடுவேன்.

ஊரின் பெயர் ஆஷ்வெல். இலண்டனுக்கு வடக்கே, ஹார்ட்போர்ட்ஷயர் மாவட்டத்தின் வட எல்லையில், கேம்பிரிட்ஜ்ஷயரை ஒட்டி அமைந்த ஊர். ஆஷ் என்பது ஒரு மரம். வெல் என்பது ஊற்று. மரமும் ஊற்றும் சேர்ந்து ஊருக்குப் பெயராயின. ஊருக்குள்ளேயே சுண்ணப்பாறையின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஊறி வெளிப்படுகிறது. ரீ என்னும் சிற்றாறு அங்கே தொடங்கிக் கேம் ஆற்றோடு கலந்து கேம்பிரிட்ஜ் நகரத்துக்குப் போகிறது. 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் எடுப்பித்த டூம்ஸ்டே கணக்கேட்டில் இவ்வூர் இடம்பெற்றுள்ளது. நிலம் இலண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்கு உரியது. அந்நாளில் இது வெறும் உழவர் குடியிருப்பாக இல்லை. வணிகக் குடிகளும் சந்தையும் கொண்ட ஊராக இருந்தது. பின்னர் அக்கம்பக்கத்து ஊர்கள் வளர, இது சிற்றூராகவே நின்றுவிட்டது.

ஊர் சிறுத்ததே தவிரக் கோயில் சிறுக்கவில்லை. புனித மரியாள் பெயரால் அமைந்த அக்கோயிலின் மேற்குக் கோபுரம், உச்சிக் கூர்முடியையும் சேர்த்து 176 அடி உயரம். ஹார்ட்போர்ட்ஷயரின் ஊர்க் கோயில்களுள் இதனினும் உயர்ந்த கோபுரம் இல்லை என்பர். நாற்புறமும் பருத்த தாங்குசுவர்கள் மூலைகளைப் பிடித்திருக்க, அடுக்கடுக்காக எழுந்து, மேலே எண்கோண வடிவுகொண்டு, அதன்மேல் ஈயத்தகடு போர்த்த ஊசிமுனையாக முடிகிறது. வயல்வெளியில் பல கல் தொலைவிலிருந்து வருபவருக்கு ஊர் தெரிவதற்கு முன் கோபுரம் தெரியும்.

இடைக்கால ஆங்கில ஊர்க்கோயிலின் அமைப்பை ஓரளவு சொல்லிவிடுவது நல்லது. கோயில் கிழக்கு மேற்காகக் கிடக்கும். கிழக்குக் கோடியில் திருப்பீடம். அதைச் சூழ்ந்த பகுதி குருவுக்கு உரியது. அதற்கு மேற்கே நடுக்கூடம். அது மக்களுக்கு உரியது. இரண்டுக்கும் இடையே மரத்தாலான ஒரு தட்டி. அத்தட்டியின் மேலே சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம். குரு தட்டிக்கு அப்பால் நின்று இலத்தீனில் பூசை சொல்ல, மக்கள் இப்பால் நின்றும் முழந்தாளிட்டும் பார்ப்பார்கள். பராமரிப்பிலும் இந்தப் பிரிவினை உண்டு. பீடப் பகுதிக்குக் கூரை வேய்வது பங்கின் வருவாயைப் பெறுபவர் கடமை. நடுக்கூடத்துக்கு வேய்வது ஊரார் கடமை. ஒரே கோயிலில் ஒரு பாதி செழித்தும் மறுபாதி தேய்ந்தும் இருப்பதைப் பல ஊர்களில் காணலாம். காரணம் பெரும்பாலும் பக்தியின் ஏற்றத்தாழ்வன்று, பணப்பையின் ஏற்றத்தாழ்வே.

நடுக்கூடத்தின் மேற்குக் கோடியில் எழுவதே மணிக்கோபுரம். அதன் அடித்தளம் கூடத்தை நோக்கித் திறந்திருக்கும். பூசை நடக்கும் இடத்திலிருந்து மிகத் தொலைவான மூலை அது. நம் கவி கீறப்பட்டிருப்பது அங்கேதான், கோபுரத்து உட்புற வடசுவரில்.

இனிக் கல்லைப் பற்றி. அவ்வட்டாரத்தில் நல்ல கட்டடக் கல் கிடைப்பதில்லை. கிடைப்பவை இரண்டு: சக்கிமுக்கிக் கல், மற்றொன்று கிளஞ்ச் என்று அவ்வூரார் அழைக்கும் கெட்டிப்பட்ட சுண்ணப்பாறை. மற்ற நல்ல கல்லைத் தொலைவிலிருந்து படகிலும் வண்டியிலும் கொண்டுவர வேண்டும், விலை கூடுதல். ஆகவே கிளஞ்ச் கல்லையே ஆஷ்வெல் தச்சர்கள் மிகுதியாகப் பயன்படுத்தினர். தோண்டி எடுத்த ஈரத்தில் அதை இரம்பம் கொண்டே அறுக்கலாம். உளியும் எளிதில் செல்லும். உலர உலரச் சற்று இறுகும். உட்சுவருக்கும் நுண்ணிய செதுக்கு வேலைக்கும் அதற்கு நிகரில்லை. ஆனால் வெளிச்சுவரில் வைத்தால் மழையும் உறைபனியும் அதைத் தின்றுவிடும். ஆஷ்வெல் கோபுரத்தின் வெளிப்புறம் பலமுறை பழுதுபார்க்கப்பட்டு ஒட்டுப்போட்ட ஆடை போல நிற்பதற்கு இக்கல்லே காரணம். ஊற்று நீரைத் தரும் அதே சுண்ணப்பாறைதான் கோபுரமாகவும் எழுந்து நிற்கிறது. நீரோடு அதற்கு இன்றளவும் வழக்கு ஓயவில்லை.

வெளியே பகையான அம்மென்மை உள்ளே வரமாக அமைந்தது. ஒரு கத்தி முனையோ ஆணியோ போதும், அச்சுவரில் எழுதலாம். எழுதியிருக்கிறார்கள். இத்தகைய சுவர்க்கீறல்களைக் கண்டதும் கோயிலைக் கெடுத்த குறும்பர்களின் வேலை என்று நினைத்துவிடலாகாது. இடைக்காலத்தில் அவ்வெண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. சுவர்களும் தூண்களும் வண்ணம் தீட்டப்பட்டிருந்தன. கீறினால் வண்ணத்தின் ஊடே வெண்கல் தெரியும். இன்று வண்ணம் போய்விட்டது. கீறல் மட்டும் எஞ்சியது. விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால்தான் அவை எழுந்து வரும். நேரே பார்ப்பவருக்கு வெறுஞ்சுவர். 1967ஆம் ஆண்டில் வயலட் பிரிச்சர்ட் என்னும் அம்மையார் ஆங்கிலக் கோயில்களின் சுவர்க்கீறல்களைத் தொகுத்து நூலாக்கினார். 2010ஆம் ஆண்டில் நார்ஃபோக் மாவட்டத்தில் மேத்யூ சாம்பியன் தலைமையில் தன்னார்வலர்கள் கோயில் கோயிலாக விளக்கோடு சென்று தேடத் தொடங்கினர். பெருமக்களின் கல்லறை வாசகங்களையே படித்துவந்த வரலாற்றுக்கு இவ்விரு முயற்சிகளும் வேறொரு வாயிலைத் திறந்தன.

ஆஷ்வெல் கோயிலில் கீறல்கள் பலவகை. மூலைகள் செவ்வையாகப் பொருந்தவில்லை, காறி உமிழ்கிறேன் என்று ஒருவர் தூணில் இலத்தீனில் எழுதிவைத்திருக்கிறார். கட்டடத் தொழில் அறிந்த ஒருவர்தாம் இப்படிச் சினந்திருக்க வேண்டும். மற்றொருவர், பங்குகளைத் தணிக்கை செய்து தண்டம் விதிக்க வரும் ஆர்ச்டீக்கனைக் கழுதை என்று ஏசியிருக்கிறார். பார்பரா என்னும் பெண்ணைப் பெயரோடு சிலேடை செய்து சீண்டியிருக்கிறார் இன்னொருவர். அறுநூறு ஆண்டுக்கு முந்தைய சிலேடை நம் சிலேடைகளைவிட மேலானதும் இல்லை, கீழானதும் இல்லை.

கோபுரச் சுவரிலேயே ஓவியமும் ஒன்று உண்டு. நீண்ட பெருங்கோயில் ஒன்றின் பக்கத்தோற்றம். சாளரங்களும் தாங்குசுவர்களும் நடுவே உயர்ந்த கூர்முடியும் கோடுகளாகத் தெரிகின்றன. இலண்டனின் பழைய புனித பவுல் பேராலயம் என்பதே பெரும்பாலோர் துணிபு. அப்பேராலயத்தின் கூர்முடி 1561இல் இடிவிழுந்து எரிந்தது. கோயிலே 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்தது. இன்று நாம் காண்பது அதன்பின் கிறிஸ்டோபர் ரென் கட்டிய குவிமாடக் கோயில். பழைய கோயில் முழு உருவோடு நின்ற காலத்தில் அதைக் கண்டுவந்த ஒருவர், நினைவிலிருந்தோ குறிப்பிலிருந்தோ, ஒரு சிற்றூரின் சுவரில் அதைக் கீறிவைத்தார். தலைநகரின் பெருங்கோயில் சாம்பலாயிற்று. சிற்றூரின் சுண்ணக்கல்லில் கிடந்த கோட்டுருவம் பிழைத்தது.

இனிக் கவிக்கு வருகிறேன்.

1348ஆம் ஆண்டுக் கோடையில் டார்செட் கடற்கரையில் உள்ள மெல்கம் துறைமுகத்தின் வழியாகக் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் புகுந்தது. கருஞ்சாவு என்று பிற்காலத்தார் பெயரிட்ட நோய் அது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் இலண்டனை அடைந்து, 1349இல் நாடெங்கும் பரவியது. மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. குருமார்களின் சாவைச் சற்றுத் துல்லியமாக அறியலாம். ஏனெனில் ஒரு குரு இறந்து மற்றொருவர் அமர்த்தப்படும்போது ஆயரின் ஏட்டில் பதிவாகும். பல மறைமாவட்டங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் என்று அவ்வேடுகள் காட்டுகின்றன. சாகிறவரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் ஆளில்லை. 1349 ஜனவரியில் பாத் - வெல்ஸ் ஆயர் ஒரு மடல் விடுத்தார். குரு கிடைக்காவிட்டால் பொதுமக்களில் ஒருவரிடம், ஆண் இல்லையேல் ஒரு பெண்ணிடமேனும், பாவத்தை அறிக்கையிடலாம் என்று அதில் இசைவு அளித்தார். அக்காலத் திருச்சபையின் இயல்பை அறிந்தவர்க்கு அவ்வொரு தொடரே நாட்டின் நிலையை உணர்த்திவிடும்.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்று, 1361இல் நோய் மீண்டும் வந்தது. இம்முறை குழந்தைகளே மிகுதியாக மாண்டனர் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. அடுத்து 1362 ஜனவரி 15, சனிக்கிழமை மாலை, தென்மேற்கிலிருந்து ஒரு பெரும்புயல் வீசியது. நார்விச் பேராலயத்தின் கூர்முடி சாய்ந்தது. மறுநாள் வடகடலுக்கு அப்பால், டென்மார்க், ஜெர்மனி, ஒல்லாந்துக் கரைகளில் கடல் புகுந்து, ருங்கோல்ட் என்னும் ஊர் அடியோடு மறைந்தது. ஜனவரி 15 புனித மோரஸின் திருநாள். ஆகவே இங்கிலாந்தார் அக்காற்றுக்கு மோரஸ் காற்று என்று பெயரிட்டனர்.

இவ்வளவும் ஆஷ்வெல் சுவரில் ஒருசில வரிகளில் அடங்கியிருக்கின்றன. கருத்தை மட்டும் சொல்கிறேன். முதலில் 1350 என்னும் ஆண்டு. அடுத்து இரங்கத்தக்க, கொடிய, வன்மையான என்று மூன்று அடைகள். பின்னர், எஞ்சியிருப்போர் மிகக் கெட்ட மக்கள், அவர்களே சாட்சி என்னும் செய்தி. முடிவில் வலிய காற்று வந்தது என்றும், இவ்வாண்டு மோரஸ் உலகில் இடிமுழக்குகிறான் என்றும் சொல்லி, 1361 என்று முடிகிறது.

யாப்பறிந்த நீங்கள் இதன் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். முதலாண்டை அவர் வெறும் எண்ணாக எழுதவில்லை. ஓர் ஆயிரம், மும்முறை நூறு, ஐம்முறை பத்து என்று சொல்லாகப் பிரித்துச் செய்யுளுக்குள் பொதிந்திருக்கிறார். சொல்லால் எண்ணைச் சுட்டும் வழக்கம் நமக்கும் புதிதன்று. ஐந்து என்பதற்கு இலத்தீன் சொல்லை விட்டுப் 'பெண்டா' என்ற கிரேக்கச் சொல்லை ஏன் எடுத்தார்? அடியின் இறுதியில் 'வியலெண்டா' வரவேண்டியிருக்கிறது. அடியின் நடுவும் இறுதியும் ஒலியால் ஒத்திருக்க வேண்டும் என்பது இடைக்கால இலத்தீன் கவிகள் விரும்பிய ஒரு யாப்புமுறை. இயைபுக்காகக் கிரேக்கம் வரை போய்வந்திருக்கிறார் நம் ஊர்க்கவி. எதுகைக்காக நாம் போகாத இடமா!

இந்த யாப்புமுறையே அடுத்த அடியின் பொருளுக்குத் திறவுகோலாகிறது. இரண்டாம் அடியின் இறுதிச்சொல் 'டெஸ்டிஸ்'. சாட்சி என்று பொருள். அப்படியானால் அடியின் நடுவே அதனோடு ஒலிக்கும் சொல் ஒன்று இருந்தாக வேண்டும். வாசகத்தை முழுமையாக்கிப் படிப்போர் அவ்விடத்தில் 'பெஸ்டிஸ்' என்ற சொல்லைக் கொள்கின்றனர். கொள்ளைநோய் என்று பொருள். நோய் அகன்றது, மக்கள் எஞ்சினர் என்று அடி நிரம்புகிறது. பரவலாக வழங்கும் ஆங்கிலப் பெயர்ப்பிலோ நோய் என்ற சொல்லே கிடையாது. இரங்கத்தக்க, வெறிகொண்ட, நிலைகுலைந்த மக்கட் கசடு மட்டுமே எஞ்சிச் சாட்சி சொல்கிறது என்று அது ஓடும். மூன்று அடைமொழிகளும் மக்கள்மேல் ஏற்றப்பட்டுவிடுகின்றன.

இலத்தீன் இலக்கணம் இங்கே தீர்ப்புச் சொல்லாது. நோயைக் குறிக்கும் சொல்லும் பெண்பால். மக்களைக் குறிக்கும் 'பிளெப்ஸ்' என்னும் சொல்லும் பெண்பால். அடைமொழிகள் இரண்டுக்கும் பொருந்தும். கொடியது நோயா, கொடியவர் பிழைத்தவரா? யாப்பை நம்பினால் நோய் என்று சொல்ல வேண்டும். நான் யாப்பை நம்புகிறவன். ஆனால் ஒன்றை மறுக்க மாட்டேன். முதலடியைப் படித்து இரண்டாமடியின் நடுவுக்கு வருமுன், அவ்வடைமொழிகள் யாரைச் சேரும் என்று தெரியாமல் ஒரு கணம் தொங்குகின்றன. எழுதியவர் அதை அறிந்தே செய்தாரா என்பதைச் சுவர் சொல்லவில்லை.

'கசடு' என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் மேட்டிமையின் வாடை வீசுகிறது. நல்லோரும் உயர்ந்தோரும் மாண்டனர், கீழ்மக்கள் பிழைத்தனர் என்பது போல. அக்காலத்து ஆளும் வர்க்கம் அப்படி எண்ணியதற்குச் சான்றுகள் உள்ளன. ஆட்கள் குறைந்ததால் கூலி உயர்ந்தது. 1349இல் ஓர் ஆணையும் 1351இல் ஒரு சட்டமும் இயற்றி, கூலியை நோய்க்கு முந்தைய அளவிலேயே நிறுத்த அரசு முயன்றது. அச்சினம் முதிர்ந்து 1381ஆம் ஆண்டு உழவர் கிளர்ச்சியில் வெடித்தது. ஹார்ட்போர்ட்ஷயரின் செயிண்ட் ஆல்பன்ஸ் மடத்தின் வாயிலிலும் கிளர்ச்சியாளர் திரண்டனர். ஆயினும் ஆஷ்வெல் கவியில் 'கசடு' என்னும் சொல் இல்லை. 'பெஸ்ஸிமா' என்றால் மிகக் கெட்ட என்றே பொருள்.

பிளெப்ஸ் என்னும் சொல்லைப் பாருங்கள். பழைய உரோமையில் அது பொதுமக்களைக் குறித்தது. திருச்சபையின் இலத்தீனில் அது இறைமக்களை, பங்கு மக்களைக் குறிக்கும். நாள்தோறும் குரு சொல்லும் பூசையின் நடுமந்திரத்தில் அச்சொல் வருகிறது. அங்கே அதற்கு அடைமொழி 'தூய' என்பது. அச்சுவரில் இலத்தீன் செய்யுள் கீறும் அளவுக்குக் கல்வி உடையவர் கோயிற்பணியாளராகவோ குருவாகவோதாம் பெரும்பாலும் இருந்திருப்பார். அவர் அம்மந்திரத்தை ஆயிரம் முறை கேட்டவர் அல்லது சொன்னவர். தூய மக்கள் என்று நாவில் பழகிய சொல்லை, கோயிலின் மறு கோடியில், பீடத்துக்கு எட்டாத மூலையில், மிகக் கெட்ட மக்கள் என்று மாற்றி எழுதுகிறார். இது என் கருத்தே. அறிஞர் தலையில் இதைச் சுமத்த மாட்டேன். ஆனால் பூசையின் ஓசை காதில் இருந்த ஒருவர் அவ்விரண்டு சொற்களையும் தெரியாமல் சேர்த்திருப்பார் என்று என்னால் நம்ப இயலவில்லை.

அப்படி எழுதியவர் தாமும் பிழைத்தவர். பிழைத்திராவிட்டால் எழுதியிருக்க இயலாது. மிகக் கெட்டோர் என்ற தொகைக்குள் அவரும் இருக்கிறார். பிளாரன்ஸ் நகரத்து மத்தேயோ வில்லானி, பிழைத்தவர்கள் திருந்துவார்கள் என்று எதிர்பார்க்க, அவர்கள் முன்னினும் கெட்டனர் என்று தம் வரலாற்றில் எழுதினார். ஆனால் அவர் பிறரைப் பற்றி எழுதுகிறார். ஆஷ்வெல் மனிதரோ அச்சொல்லுக்கு வெளியே தமக்கு இடம் வைத்துக்கொள்ளவில்லை.

அதே காலத்து ஆங்கிலக் கவி வில்லியம் லாங்லண்ட் இயற்றிய பியர்ஸ் பிளௌமன் என்னும் நெடுங்கவிதையிலும் அந்தச் சனிக்கிழமை மாலைத் தென்மேற்குக் காற்று வருகிறது. நம் மோனையை ஒத்த முதலெழுத்து ஒலிப்பால் இயன்ற யாப்பு அது. அங்கே பகுத்தறிவு என்னும் பாத்திரம் மக்களுக்குப் போதிக்கிறது: நோய்கள் வந்தது பாவத்தால், காற்று வந்தது செருக்கால், வேரோடு சாய்ந்த மரங்கள் உங்களுக்கு எச்சரிக்கை. லாங்லண்ட் பெருங்கவி என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த இடத்தில் எனக்கு ஆஷ்வெல் கவியே மேலாகப் படுகிறார். அவர் காரணம் சொல்லவில்லை. இறைவன் பெயர் அவ்வரிகளில் இல்லை. வேண்டுதலும் இல்லை. கோயிற்சுவரில், கோயில் மொழியில் எழுதும் ஒருவர், இறந்தவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு விடை கூறாமல் விடுகிறார். அவர் பழி சொல்வதெல்லாம் எஞ்சியவர்மேல் மட்டுமே.

இதே சுவரில் மற்றொரு சிறு வாசகமும் உண்டு. முதல் கொள்ளைநோய் 1350க்கு ஒன்று குறைந்த ஆண்டில் நேர்ந்தது என்று அது சொல்கிறது. 'முதல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். 1349இல் வாழ்ந்த எவரும் அதை முதல் நோய் என்று சொல்லியிருக்க முடியாது. அவர்களுக்கு அது நோய், அவ்வளவே. இரண்டாவது வந்தபின்தான் அது முதலாவதாயிற்று. குழந்தைகளை இழந்த 1361க்குப் பிறகுதான் அச்சொல்லைக் கீறும் தேவை வந்தது.

கட்டடக்கலைக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். 1817இல் தாமஸ் ரிக்மன் என்பவர் ஆங்கில இடைக்காலக் கட்டடங்களைப் பாணி பாணியாகப் பிரித்துப் பெயரிட்டார். அவற்றுள் வளைந்து நெளியும் கல்வேலைப்பாடு கொண்டது அலங்காரப் பாணி. நேர்க்கோடுகளாக மேல்நோக்கி எழுவது செங்குத்துப் பாணி. முன்னது ஏறத்தாழ 1350 வரை, பின்னது அதன்பின். நோயில் நுண்கைச் சிற்பிகள் மாண்டதால்தான் கலை எளிமைப்பட்டு நேர்க்கோடாயிற்று என்று சிலர் விளக்கினர். கேட்பதற்கு இனிய விளக்கம். ஆனால் கிளாஸ்டர் மடத்துக் கோயிலில் அப்புதுப்பாணி 1330களிலேயே, நோய் வருவதற்கு முன்பே, தொடங்கிவிட்டது. பாணி நோயால் பிறந்ததன்று. ஆட்களும் பணமும் குறைந்த நாட்டில் அது எளிதாகப் பரவியது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆஷ்வெல் கோயில் 14ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் எழுந்துகொண்டே இருந்த கோயில். பழைய பாணியும் புதியதும் அதன் சாளரங்களில் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் கவி கீறப்பட்டபோது அந்தச் சுவர் அவ்வூரில் புதுச்சுவர். முன்னோர் விட்டுச்சென்ற பழஞ்சின்னத்தில் அவர் எழுதவில்லை. தம் காலத்தார் கட்டிய கல்லில், கட்டியவர் பலர் மறைந்தபின் எழுதினார்.

அதற்குப் பிந்தைய வரலாறு எல்லா ஆங்கிலக் கோயில்களுக்கும் ஏறத்தாழப் பொதுவானது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தில் உருவங்கள் அகற்றப்பட்டன. சுவரோவியங்கள்மேல் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. இலத்தீன் பூசை நின்றது. 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தல் என்னும் பெயரால் பல ஊர்களில் சுவர்களைச் சுரண்டினர். அதை எதிர்த்துக் கவிஞர் வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். கட்டடத்துக்காகக் கவிஞர் ஒருவர் சங்கம் அமைத்த செய்தியை இந்த அவையில் சொல்லாமல் விட மனமில்லை. சுரண்டலில் எத்தனை கீறல்கள் போயின என்பதற்குக் கணக்கில்லை. ஆஷ்வெல் சுவர் தப்பியது.

முடிக்குமுன் ஆண்டுக் கணக்கைப் பற்றி ஒரு சொல். புயல் வீசியது 1362 என்றேன். சுவரில் 1361 என்று இருக்கிறது. இரண்டும் சரி. அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. எனவே ஜனவரி 15 அவர்களுக்கு 1361ஆம் ஆண்டின் கடைப்பகுதி. கவி 'இவ்வாண்டு' என்று சொல்கிறது. அச்சொல்லை உள்ளபடியே கொண்டால், புயலுக்கும் அவ்வாண்டு முடிந்த மார்ச் 24க்கும் இடையே, ஏறத்தாழப் பத்து வாரங்களுக்குள் அது கீறப்பட்டிருக்க வேண்டும். அவசரத்தின் அடையாளம் வரிகளிலும் உண்டு. முதலிரண்டு அடிகளின் கட்டுக்கோப்பு காற்று வரும் இடத்தில் தளர்கிறது. 'இந்த' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் முதலெழுத்தை விட்டு, நாவில் வழங்கியபடியே எழுதிவிட்டார். இலக்கண ஆசிரியர் இதைப் பிழை என்பார். எனக்கு அந்த இடத்தில்தான் அவருடைய குரல் கேட்கிறது.

வினைச்சொற்களையும் பாருங்கள். நோய்க்கு இறந்தகாலம்: அகன்றது. மக்களுக்கு நிகழ்காலம்: எஞ்சியிருக்கின்றனர். காற்றுக்கும் நிகழ்காலமே. மோரஸ் இடிமுழக்கினான் என்று அவர் எழுதவில்லை. முழக்குகிறான் என்று எழுதினார். முதலாண்டைச் செய்யுளுக்குள் மடித்து வைத்தவர், இம்முறை அப்படிச் செய்யவில்லை. உரோமன் எண்களில் ஆண்டை மட்டும் எழுதினார். அத்துடன் வாசகம் முடிகிறது.